மறதிக்கு இரண்டு வினைச்சொற்கள்

ஜனவரி 10, செவ்வாய்

மூன்று மாதமாகத் தொடாத நோட்டை இன்று எடுத்திருக்கிறேன். எழுதிவைத்தால் மனம் கொஞ்சம் அடங்கும்.

சோர் எங்கார்னாவுக்கு இன்று காலை பக்கவாதம் வந்துவிட்டது. அப்போது நான் மடத்தில் இல்லை. விடுமுறை முடிந்து ஸ்பானிய வகுப்பு இன்றுதான் திறந்தது. பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது வாசல் பனியில் ஆம்புலன்ஸ் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. காப்பிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவி விழுந்ததாம். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதாம். சமையல்காரி நோஎமிதான் முதலில் பார்த்திருக்கிறாள்.

இந்த ஸ்பெயின் மடத்தில் ‘சோர்’ என்று கூப்பிடப்படும் வயதான சிஸ்டர்கள் பதினான்கு பேர். ஸ்பெயின்காரப் பெண்கள் இப்போது மடத்தில் சேருவதில்லை என்பதால், அவர்களைப் பார்த்துக்கொள்ள நான்கு வருடத்துக்கு முன் பிரகாசி அக்காவையும் என்னையும் தூத்துக்குடியிலிருந்து அனுப்பினார்கள். அக்காவுக்குத் துணி வெளுக்கும் வேலை. எனக்கு மருந்து.

சோர் எங்கார்னாவுக்கு எண்பத்து நான்கு வயது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை உண்டு. எந்த நாள் அரை, எந்த நாள் கால் என்று சுகாதார மையத்து அட்டையில் அச்சடித்திருக்கும். அதைக் கொடுப்பது என் பொறுப்பு. கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் டிக் போட்டிருக்கிறது. எங்கள் தலைவி மாத்ரே பிலார் கேட்டபோது அட்டையைத்தான் எடுத்துக் காட்டினேன்.

மத்தியானம் மூன்று கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினேன். இருவருக்கு நகம் வெட்டினேன்.

ஜனவரி 11, புதன்

இன்னும் கண் திறக்கவில்லையாம். தோட்டத்துக் குழாய் உறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.

ஜனவரி 12, வியாழன்

வகுப்புக்குப் போகவேண்டாமென்று நினைத்தேன். மாத்ரேதான் போகச் சொன்னார். நான் வீட்டில் நடமாடுவது அவருக்கும் பிடிக்கவில்லையோ என்னவோ.

ஆசிரியை நூரியாவுக்கு என் வயதுதான் இருக்கும். வகுப்பில் உக்ரைன்காரர்கள் நால்வர், மொராக்கோ பெண்கள் இருவர், நான். ஆங்கிலம் தெரிந்தவள் என்று எப்போதும் என்னையே எழுப்புவாள். இன்று பலகையில் எழுதிய பாடம்: நினைப்பதும் மறப்பதும். வேறு ஏதாவது பாடமாக இருந்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் நினைவுகூர ஒரு சொல், பிறருக்கு நினைவுபடுத்த வேறு சொல், ரிமெம்பர், ரிமைண்ட். ஸ்பானியத்தில் ரெக்கொர்தார் என்ற ஒன்றே இரண்டுக்கும் போதும். அதோடு அக்கொர்தார்சே என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நினைவு நம்மிடமே திரும்பி வருவதுபோல் வினை வளைந்து நிற்கும். நான் சாவியை மறந்தேன் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வாய் என்று கேட்டாள். ‘ஐ ஃபர்காட்’ என்றேன். "பார், மறந்தவள் நீயே என்று ஆங்கிலம் உன்னை நிற்கவைத்துவிடுகிறது. நாங்கள் ‘சே மே ஒல்விதோ’ என்போம். சாவி தானாக என்னைவிட்டு மறந்துபோயிற்று. பாவம், நான் என்ன செய்வேன்?" எல்லோரும் சிரித்தார்கள்.

தமிழில் இரண்டும் உண்டு என்று எனக்குத் தோன்றியது. மறந்துவிட்டேன். மறந்துபோய்விட்டது. சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வீடு திரும்பினால் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. கண் திறந்துவிட்டார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. ரத்தப் பரிசோதனையில் மருந்தின் வேலை மிகக் குறைவாகத் தெரிகிறதாம். சில நாள் மாத்திரையே எடுக்காதவர் ரத்தம்போல் இருக்கிறது என்றாராம் டாக்டர்.

மாத்ரே அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார். மாத்திரைப் பட்டையையும் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஜனவரி 14, சனி

பிரகாசி அக்கா துணி வெளுக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள். போன வாரத்து என் ஏப்ரன் பையிலிருந்து எடுத்ததாக ஒரு காகிதப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பிரித்துப் பார்த்திருக்கிறாள். நான் வாங்கவில்லை.

அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கல பிள்ள. நீயும் ஒண்ணும் பேசாத. பேசுனா ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருவாவ."

அவள் என்ன நினைத்துக்கொண்டாளோ தெரியவில்லை. மாலையில் எல்லா ஏப்ரன்களையும் நானே இன்னொரு முறை துவைத்தேன். கை வெடித்துவிட்டது.

ஜனவரி 15, ஞாயிறு

இந்த நோட்டை மெத்தை உறைக்குள் வைக்கிறேன். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி அக்காதான். என் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறவளும் அவள்தான்.

ஜனவரி 17, செவ்வாய்

சோர் எங்கார்னாவின் அக்கா மகள் மாகாணத்தின் முதியோர் நலத்துறைக்குப் புகார் எழுதியிருக்கிறாள். விசாரணைக்கு ஆள் வருவார்கள். நாள் சொல்லவில்லை.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். கீரை அதிகம் சாப்பிட்டால் அந்த மாத்திரை வேலை செய்யாதாம். பக்கவாதத்துக்கு முந்தைய வாரம் தோட்டத்துக் கீரை உறைபனியில் கருகிவிடும் என்று நோஎமி எல்லாவற்றையும் பறித்து, நான்கு நாள் கீரையாகவே சமைத்தாள். மாத்ரே அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ கிடைத்துவிட்டது போல.

எனக்கும் அந்தக் கணம் மூச்சு லேசாக வந்தது. எழுதத்தான் வேண்டும், வந்தது.

கீரையாகவும் இருக்கலாம்தானே.

ஜனவரி 19, வியாழன்

சபையின் வக்கீல் தொலைபேசியில் சொன்னதை மாத்ரே என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். நிச்சயமாகத் தெரியாத எந்தக் கேள்விக்கும் ‘நோ மே அக்குவெர்தோ’ என்று சொன்னால் போதும். நினைவில்லை. அது பொய் இல்லை மகளே, மனிதர்களுக்கு நினைவில்லாமல் போவது இயல்பு என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாத்திரம் துடைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகினேன். நோ மே அக்குவெர்தோ. நோஎமி அடுப்பருகே நின்றாள். சிஸ்டர் என்பதற்கு ஹெர்மானா என்பாள். என்ன ஹெர்மானா, வகுப்புப் பாடமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 21, சனி

நோஎமி ஹொண்டுராஸ்காரி. இந்த நாட்டில் மூன்று வருடம் முடித்து, வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று காத்திருக்கிறாள். மார்ச்சில் மூன்று வருடம் முடிகிறது. வேலை போனால் ஒப்பந்தம் இல்லை. அவளை இன்று மாத்ரே அலுவலறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தார். வெளியே வந்தவள் என்னிடம், கீரை மருந்தைக் கெடுக்கும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா ஹெர்மானா, உங்களுக்கு நினைவிருக்கிறதா, நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டாள்.

நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

‘நோ மே அக்குவெர்தோ’ என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

ஜனவரி 22, ஞாயிறு

ஆறாம் தேதியைப் பற்றி எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் மற்றதை எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மூன்று அரசர் திருநாள். விருந்தினர் வந்திருந்தார்கள், சோர் எங்கார்னாவின் அக்கா மகளும்தான். கேக் வெட்டி, ஒவ்வொருவரும் திருநாளில் யாரை நினைத்துக்கொள்கிறோம் என்று சொல்லவேண்டும். என் முறை வந்தது. நான் என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தேன். அம்மா போன வருடம் நவம்பரில் போய்ச்சேர்ந்தாள். எங்கள் ஊர் பெரியதாழைக் கல்லறையில் பெட்டியை இறக்கியதை நான் போனில்தான் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

‘மே ரெக்குவெர்தோ ஆ மி மாத்ரே’ என்றேன். இரண்டு வினைகளையும் போட்டுக் குழப்பியிருக்கிறேன். என்னைப் பார்த்தால் எனக்கே என் அம்மா ஞாபகம் வருகிறது என்று அதற்கு அர்த்தமாகிவிடுமாம்.

சோர் எங்கார்னா நாற்பது வருடம் பள்ளி ஆசிரியை. உடனே, "எப்போது, கண்ணாடி பார்க்கும்போதா? உன் அம்மாவுக்கும் மீசை இருந்ததா?" என்றார். மேசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முழுவதும் என்னை ‘மமா’ என்றே கூப்பிட்டார். மமா, தண்ணீர். மமா, சால்வை. அவர் என் ஸ்பானியத்தைத் திருத்துவது புதிதல்ல. நான்கு வருடமாக நடப்பதுதான். அன்று மட்டும் ஏனோ பொறுக்கமுடியவில்லை.

மறுநாள் ஏழாம் தேதி.

மணி அடிக்கிறது. போகவேண்டும்.

ஜனவரி 24, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு மாத்ரேயோடு போனேன்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண், புரிந்துகொள்ளும் சக்தி கெடவில்லை, சொல் மட்டும்தான் வெளியே வரவில்லை, ஆறு மாதத்தில் திரும்பினாலும் திரும்பலாம் என்றாள். மாத்ரே ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சோர் எங்கார்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண் முழுதாகத் திறந்திருந்தது. அந்த வாய் திறந்தால் முதலில் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். தினமும் அவருக்காகச் செபிக்கிறேன். எதற்காகச் செபிக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 26, வியாழன்

விசாரணை திங்கள் பத்து மணிக்கு.

வகுப்பு முடிந்து நூரியாவிடம் தனியாகக் கேட்டேன். ‘சே மே ஒல்விதோ’ என்று அதிகாரியிடம் சொன்னால் பொறுப்பிலிருந்து நழுவுவதாக எடுத்துக்கொள்வார்களா? இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ‘ஒல்விதே’ என்று தன்னை முன்னால் நிறுத்திச் சொன்னால்தான் வேண்டுமென்றே மறந்தது போலிருக்கும் என்றாள். பிறகு, ஏன் கேட்கிறாய், உனக்கு ஏதாவது பிரச்சினையா என்றாள். இலக்கணச் சந்தேகம் என்றேன்.

ஜனவரி 28, சனி

சாப்பிட முடியவில்லை. அக்கா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்து, கஞ்சிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மறந்துட்டன்னு சொல்லிரு. எல்லாருக்கும் மறக்கும். அந்தப் பிள்ளைக்கி வேற வேல கெடைக்கும். நாம ஊருக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?"

"மறக்கலக்கா" என்றேன்.

அக்கா கிளாஸை வைத்துவிட்டாள். எழுந்து போனாள்.

ஜனவரி 30, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி செனோரா ஆர்செ. ஐம்பது வயதிருக்கும், நல்ல பெண்மணி, ஜலதோஷத்தோடு வந்திருந்தார். முதலில் நோஎமியை அழைத்தார். விருந்தினர் அறைக் கதவு கண்ணாடி. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நோஎமி விரல்களை மடக்கி எத்தனை நாள் கீரை என்று எண்ணிக்காட்டுவது தெரிந்தது. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து வராந்தாக் கோடிவரை நடந்துவிட்டு வந்தேன்.

என்னை அழைத்தபோது மணி பதினொன்று. மாத்ரே ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பெயர், ஊர், வேலை. பிறகு அட்டையை என் முன் வைத்து, ஏழு, எட்டு, ஒன்பது, இந்த மூன்று நாளும் மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்லை."

மாத்ரேயின் நாற்காலி கிறீச்சிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. பேனாவைத் திருகியபடி, பரிவாகவே கேட்டார்: "சே லே ஒல்விதோ?" உங்களைவிட்டு மறந்துபோயிற்றா?

அந்தக் கேள்வி ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. தலையசைத்தால் போதும், வெளியே போய்விடலாம்.

"இல்லை" என்றேன். "மே அக்கொர்தே." எனக்கு நினைவு வந்தது.

அவர் சிரித்துவிட்டார். "நோ மே அக்கொர்தே, ஹெர்மானா. ‘நோ’வை விட்டுவிட்டீர்கள்" என்று சொல்லிக்கொண்டே, நினைவு வரவில்லை என்று எழுத ஆரம்பித்தார்.

நான் மேசைமேல் கையை நீட்டி அந்தத் தாளைத் தொட்டேன். ‘நோ’ இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றார். ‘ஐ ரிமெம்பர்ட்’ என்றேன். "அப்படியானால் கொடுத்திருப்பீர்களே?" என்று இன்னும் குழம்பினார். நினைவு வந்துவிட்டால் ஒரு ஆள் அந்தக் காரியத்தைச் செய்துவிடுவாள் என்று இரண்டு மொழிகளுமே நம்புகின்றன. என்னைப் போன்றவளுக்கு இரண்டிலும் வினைச்சொல் கிடைக்கவில்லை.

அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அரை மாத்திரையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மமா, பிறகு வா, இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டேன். அட்டையில் டிக் போட்டேன், எப்படியும் திரும்பி வரப்போகிறேன் என்று. மாலைச் செபத்தின் நடுவில் நினைவு வந்தது. நன்றாக வந்தது. மாத்திரை பையில் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. செபம் முடிந்து அவர் அறை இருக்கும் பக்கம் திரும்பாமல் சாப்பாட்டு அறைக்குப் போனேன். ஒரு நாள் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிறும் அதே நேரத்தில் நினைவு வந்தது. அன்று மாத்திரையை எடுத்து அதே காகிதத்தில் வைத்து டிக் போட்டேன், அறைக்கே போகவில்லை. திங்களும் அப்படியே. அன்று அவரே கேட்டார். "மாத்திரை போட்டேனா மமா? எனக்கு நினைவில்லை, நீ சொல்லு." போட்டுவிட்டீர்கள் என்றேன்.

எதற்காக என்று செனோரா ஆர்செ கேட்டார்.

"அவர் என் அம்மாவைச் சொல்லிச் சிரித்தார்."

சொன்னபோதே அது எவ்வளவு சின்னது என்று காதில் கேட்டது. சாகட்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருடைய ஏதோ ஒன்று என் கையில் இருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதை ஸ்பானியத்தில் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி முதல் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்திட்டேன். மாத்ரே பிலார் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. யாரும் அதை மூடவில்லை.

ஜனவரி 31, செவ்வாய்

மருந்து அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மதியம் வெங்காயம் உரித்தேன்.

அடுப்படியில் நோஎமியும் நானும் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். அவள் கத்தியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"இரண்டு வாரம் நான் தூங்கவில்லை ஹெர்மானா" என்றாள். "நீங்கள் என் பக்கத்தில் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்."

அவள் வேலை போகவில்லை. மார்ச் வரைக்கும் போகாது என்று மாத்ரே அவளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 6, திங்கள்

விவரங்கள் அரசு வக்கீலுக்குப் போயிருக்கின்றன. வழக்கு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முடிவு தெரியும்வரை நாட்டைவிட்டுப் போகக்கூடாது. புதன்கிழமை என்னைத் தலைமை மடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே யாரையும் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை.

பிரகாசி அக்கா என் பெட்டியில் துணிகளை மடித்துவைத்தாள். பொட்டலம் பிறகு என்ன ஆயிற்று என்று நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அக்கா கேட்டாள். தெரியலக்கா என்றேன். அக்கா இரண்டு கம்பளிக் காலுறைகளைக் கூடுதலாக வைத்தாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

சோர் எங்கார்னா இன்று வீடு திரும்பினார். ஆஸ்பத்திரியில் வைத்தே மாத்ரே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாளை நான் போய்விடுவேன் என்பதால் பார்க்க அனுமதி கேட்டேன். ஐந்து நிமிடம் என்றார் மாத்ரே. கதவருகிலேயே நின்றுகொண்டார்.

கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். வலது கை தலையணைமேல் கிடந்தது. நான் மண்டியிட்டேன். மூன்று நாளும் எனக்கு நினைவு வந்தது, சோர். நான்தான் வரவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். வினை எதுவும் தவறவில்லை என்று நினைக்கிறேன்.

இடது கண் என்னைப் பார்த்தது. உதடு அசைந்தது. ஓசை மட்டும் வந்தது, சொல் வரவில்லை. திரும்ப முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வசையா, மன்னிப்பா, திருத்தமா, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று காத்திருந்தேன். சொல் அவரிடம் வரவேயில்லை.

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்றார் மாத்ரே. நான் எழுந்து வெளியே வந்தேன்.